எலுமிச்சம்பழம் நசுக்கிய கார்

என்னை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, "ஐயா, உங்கள் தொழில் அனுபவத்தை எழுதுங்கள்" என்று நீங்கள் கேட்டு வெகு நாளாகிவிட்டது. குழுவில் வரும் கேள்விகளைப் பார்த்துப் பயந்துதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். எந்த வெல்டிங் கம்பி நல்லது, எந்த பெயின்ட் உரியாது, பழைய ஸ்பார்க் பிளக்கை எப்படி அறுப்பது என்று காலையிலிருந்து இரவு வரை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் யூடியூப்பில் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். பழைய இரும்பில் பொம்மைக் கார் செய்ய யாராலும் முடியும். செய்த காரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு என்ன பேசுவது என்பதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். அதை உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே அதையே சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலத்திலேயே தேய்ந்த பேரிங், உடைந்த சங்கிலி, த்ரீவீல் கராஜில் தூக்கிப்போட்ட பிளக், பால்மா டின் தகரம் என்று பொறுக்கி, சின்னச் சின்னக் கார்களாக ஒட்ட வைப்பேன். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு "இரும்பு பொறுக்கி" என்று பெயர். அப்படிப் பெயர் வைத்தவர்கள்தான் கல்யாண வீட்டுக்குப் போகும்போது, "ஒரு கார் இருந்தா குடுங்களேன், பிரசன்டுக்கு" என்று வாசலில் வந்து நிற்பார்கள். விலை என்ற சொல் அவர்கள் வாயில் வந்ததே கிடையாது.

ஓய்வு பெற்ற கையோடு கொழும்பிலிருந்து மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, போன் பண்ணினான். ஒரு மாடிக் குடியிருப்பில் எனக்கு வாட்ச்சர் வேலை பேசி வைத்திருக்கிறானாம். காவல் வேலையைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாழ்க்கை முழுவதும் மெஷினைக் கட்டி ஆண்ட நான், வீட்டையும் மனைவியையும் மலையில் விட்டுவிட்டு, அந்த வெக்கையில் ஊரான் வீட்டு கேட்டைத் திறந்து மூடி, போகிற வருகிற காருக்கெல்லாம் சலாம் போடுவதா? கார் செய்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். ஒரே நேரத்தில் ஒரு கூட்டம் குழந்தைகளை அதட்டிப் பழகிய குரல்.

"பொழைச்சிக் காட்டுங்க," என்றாள். "சீசன் முடியிற வரைக்கும் பாப்போம். இல்லாட்டி நானே பெட்டி கட்டித் தாறேன்."

நுவரெலியாவில் ஏப்ரல் சுற்றுலா சீசன் தொடங்க இருந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே மெனேஜராக இருந்தவர் ஓர் இளைஞர், கொழும்புத் தமிழர். தேயிலைச் செடியை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்ததே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் என்று அவரே சொன்னார். விருந்தாளிகளுக்கு மலையகத்தின் வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். என் கார்களில் சிலதை வரவேற்பறையில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார்.

"அங்கிள், சாமானை யாரும் வாங்க மாட்டாங்க. கதையைத்தான் வாங்குவாங்க," என்றார். "உங்கட தாத்தா தொரைக்கு ட்ரைவரா இருந்தவரா?"

"இல்லீங்க. அவரு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவரு."

"ட்ரைவர்னு வச்சிக்கொள்ளுவமே."

"அவரு ஒத்துக்க மாட்டாருங்க. கார்ல ஏறுனா வாந்தி எடுப்பாரு."

அவருக்கு என் மேல் பெரிய நம்பிக்கை வரவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவர் மூலமாகத்தான், எல்லாரும் சேர் என்று மரியாதையாகக் கூப்பிடும் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். கொழும்பில் வியாபாரம், பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர். சீசனுக்கு அந்தச் சங்கத்துக் கார்கள் அணிவகுத்து நுவரெலியாவுக்கு வரும். பாதிக் கார் தானாக மலை ஏறும். மீதி லொறியில் ஏறி வந்து, நகரத்து எல்லையில் இறங்கி, கையசைத்துக்கொண்டே ஊருக்குள் நுழையும்.

சேர் தன்னுடைய காரின் படத்தைப் போனில் காட்டினார். அதே போல ஒன்று, கை நீளத்துக்கு, பெயின்ட் பூசாமல், வெறும் உலோகத்தில் வேண்டும் என்றார். கைவேலைக்காரனை எல்லாரும் கூப்பிடுவது போல என்னையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்.

"முகம் பார்க்கிற மாதிரி மினுங்கோணும் பாஸ். எனக்குப் பிடிச்சா சங்கத்தில எல்லாருக்கும் சொல்லுவன்."

எல்லாருக்கும் என்றால், எனக்குக் கொழும்பு கேட் இல்லை என்று அர்த்தம். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தேன். முன்மூடியான பேனெட்டுக்குப் பால்மா டின் தகரத்தைத் தட்டி வளைத்து, மேலிருந்த பூச்செல்லாம் போகத் தேய்த்து, விரல் கொப்புளம் போட மினுக்கினேன். கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது. இளைத்துப் போயிருந்தேன்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், உங்கள் வீட்டிலும் நடக்கும்.

எடுத்துப் போக வேண்டிய நாள் காலையில் மனைவி தட்டோடு வந்தாள். தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். நம் வீடுகளில் சைக்கிள் வாங்கினாலும் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ரோட்டில் இறக்குவதில்லையே. அவள் பேனெட்டில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் பழத்தை வைத்து, என் காரைக் கையால் தள்ளி ஏற்றினாள். சக்கரம் சின்னது, பழம் பெரியது. நசுங்கிய சாறு மேலெல்லாம் தெறித்தது. நான் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க. ரோட்டுல போற வண்டி."

"அது எங்க ரோட்டுல போகுது, புள்ள? பஸ்ஸுலதானே போகுது."

"பஸ்ஸு ரோட்டுலதானே போகுது?"

துணியைக் கீழே வைத்தேன். ஈரத்தோடு படங்குச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் சந்திக்குப் போனேன். தலவாக்கலைப் பாதையில் மண் சரிந்து, பஸ் ஓடவில்லை. திரும்பி வந்தேன். மனைவி வாசலில் குறுக்கே நின்றாள்.

"எலுமிச்சம்பழம் நசுக்குன வண்டியத் திருப்பி வாசப்படி ஏத்தக் கூடாது."

எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பற்றி நான் சொன்னால் தோட்டத்துத் தொரையே கேட்டுக்கொள்வார். வீட்டில் அது செல்லாது. பாதை திறக்கும்வரை கார் விறகுக் கொட்டகையில் கிடந்தது. அங்கே மழையும் மிஸ்ட் என்கிற பனிமூட்டமும் கேட்டுக்கொண்டா உள்ளே வரும்? பாதை திறந்த அன்று முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாக்குக் கட்டை அவிழ்த்துப் பார்க்கவும் இல்லை.

ஹோட்டலின் புல்தரையில் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்கள். சேர் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார். நான் சாக்கை அவிழ்த்தேன்.

கார் முழுக்கத் துரு. சந்தனம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். சாறு வழிந்த வழியெல்லாம் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. சக்கரங்கள் ஆற்றிலிருந்து எடுத்தவை போலக் கிடந்தன. கேட்டும் சலாமும்தான் இனி என் தலையெழுத்து என்று முடிவு பண்ணிக்கொண்டேன். மினுங்க வேண்டும் என்று கேட்ட மனிதர் காரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். சிரிப்பதா, பாராட்டுவதா என்று அவர் முடிவு செய்யும்வரை காத்திருந்தார்கள்.

அப்போது மெனேஜர் மெதுவாக, கோயிலில் பேசுகிற குரலில், "பெட்டினா," என்றார்.

"ஆ," என்றார் சேர்.

"தொரைமார் காலத்து முறை சேர். அங்கிள்ட குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆ," என்றார்கள் எல்லாரும்.

நான் வாயைத் திறந்தேன். "சேர், அது வந்து எலுமிச்..."

"நீங்க பேசாதீங்க பாஸ்," என்று சேர் என் தோளைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "கலைஞன் விளக்கம் சொல்லக் கூடாது."

அங்கேயே நின்றபடி ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கார் செய்து தரச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் இதே பெட்டினாவோடு வேண்டுமாம். அது என்ன சாமான் என்று வழியில் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். காலம் போகப் போக உலோகத்தில் படியும் நிறம் என்றாள். நம் லயத்துக் கூரைத் தகரத்தில் படிந்தால் துரு, பங்களா மேசையில் படிந்தால் பெட்டினா என்று புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "எலுமிச்சம்பழம் ஒரு மூடை சொல்லி வைங்க," என்றாள். அன்றிலிருந்து அவள்தான் பெட்டினாப் பகுதிக்குத் தலைமை. நான் செய்வேன், அவள் பிழிவாள், கொட்டகையில் போடுவோம். மினுக்கத் தெரிந்த என் கைக்கு வேலையே இல்லாமல் போனது. கொழும்பு மச்சானிடம், "கொஞ்சம் பொறு," என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். அதிகம் சிரிக்காதீர்கள். சில நாளைக்கு முன் நம் குழுவில் ஒருவர், சைக்கிள் சங்கிலியில் செய்த ஜீப்பைப் போட்டு, "எங்கள் பரம்பரைக் கலை" என்று எழுதியிருந்தார். அவருடைய அப்பா வலப்பனையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறவர், அவருடைய தாத்தாவையும் எனக்குத் தெரியும். பரம்பரையில் ஒருவரும் ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடித்ததில்லை. உடப்புசல்லாவையிலிருந்து ஒரு தங்கை தான் செய்த காரின் கீழே, "அப்பாவின் கராஜ் குப்பையில் செய்தது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு படத்தைத்தான் நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த சீசன் வந்தது. ஹோட்டல் முதலாளி ஒவ்வோர் அறைக்கும் ஒரு கார் கேட்கிறார், நேரில் வந்து பேசி முடியுங்கள் என்று மெனேஜர் கூப்பிட்டார். சங்கத்துக்காரர்களின் கார்களைக் கொடுத்து முடித்திருந்தோம், கையில் வேறு வேலை இல்லை. இது கிடைத்தால் மச்சானிடம் "வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிடலாம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மனைவியும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கூட வந்தாள்.

முதலாளி வருவதற்கு முன்னால் சேர் வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி. திறந்து காட்டினார். பேனெட்டில் கட்டை விரல் போகிற அளவுக்கு ஓட்டை, விளிம்பெல்லாம் பொரிந்து கிடந்தது. நம் மிஸ்ட்டில் தொடங்கிய துரு, கொழும்பில் கடல் காற்று பட்டதும் தகரத்தைத் தின்றுவிட்டது.

"பாஸ், இது இப்பிடித்தான் வருமா?" என்றார். "பேத்தி விரலை விட்டுப் பார்த்தாள். கிழிச்சிட்டுது. ஊசி போட வேண்டி வந்திட்டுது."

மெனேஜர் என்னை ஒரு பக்கமாக இழுத்தார். "அங்கிள், மெச்சூர் ஆகுது, பழுக்குதுன்னு சொல்லுங்க. போகப் போக இன்னும் பெறுமதி கூடும்னு சொல்லுங்க. முதலாளி கேட் கிட்ட வந்திட்டார்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு ஞானமும் உதிக்கவில்லை. பயம்தான் இருந்தது. "மெச்சூர்" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லியிருந்தால் சேர் நிச்சயமாக நம்பியிருப்பார். ஆனால் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் சத்தம் போட்டபோது, "அது ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்று ஒருவன் சொல்லி, இன்னொருவனின் விரல் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். இங்கே ஒரு குழந்தையின் விரல். அதே கார் இன்னும் பல வீட்டு மேசைகளில் இருக்கிறது, அந்த வீடுகளிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். மனைவியைப் பார்த்தேன். அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், இது துரு," என்றேன். "பெட்டினாவும் இல்ல, குடும்ப முறையும் இல்ல. எங்க வீட்டுல எலுமிச்சம்பழம் நசுக்குனாங்க, தொடைக்காம சாக்குல சுத்தி மழையில போட்டோம். அம்புட்டுதான். பிள்ளைங்க கை படாம வைங்க. நான் அடைச்சி, மேல பூச்சுப் பூசித் தாறேன். காசு வேணாம்."

மெனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். சேர் கத்துவார், பெட்டியைத் தூக்கி எறிவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முதலில் செய்த காரியம், வேறு யாருக்காவது கேட்டதா என்று சுற்றிலும் பார்த்ததுதான். பிறகு பெட்டியை மூடி, என் கையைப் பிடித்து, சமையலறைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் வீட்டுக்காரிக்கும் தெரியும். இப்ப மெனேஜருக்கும் தெரியும்."

"நான் சங்கத்தில இதைப் பற்றி உரையே நிகழ்த்தியிருக்கிறன் பாஸ்," என்றார். "படமெல்லாம் போட்டுக் காட்டி. ஒரு மணித்தியாலம்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"மத்தவங்களோடதும் ஓட்டை விழும் சேர். அவங்களுக்கும் நான் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க. ஆனா எனக்குத் தெரியும் எண்டு மட்டும் சொல்லாதீங்க."

ஹோட்டல் வேலை அன்றோடு போனது. மெனேஜர் முதலாளியிடம் என்ன சொன்னாரோ, எங்களுக்குத் தேநீர்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை இழுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள். "போனைத் தாங்க. மத்தவங்களுக்கு நானே சொல்றேன். நீங்க பேசுனா இழுப்பீங்க."

ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பிள்ளைக் காம்பராவில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "அந்தக் கார்ல ஓட்டை விழும். வெறும் எலுமிச்சம்பழத் துரு அது. பிள்ளைங்க கை வைக்காமப் பாத்துக்கங்க. கொண்டாந்தா அடைச்சித் தாறோம்." திட்டு வாங்கத் தயாராக நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவரும் திட்டவில்லை. ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதை மத்தவங்களுக்கும் சொல்லிட்டீங்களா?"

"சொல்றோம்," என்பாள் மனைவி.

"சரி. ஆனா நான் கேட்டதா சொல்ல வேணாம்."

பிறகு ஒருவர் பின் ஒருவராக எங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். பழைய காரில் ஒருவரும் வரவில்லை, ஊரில் ஒருவர் கண்ணிலும் படாத சாதாரண வேனில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்கள். ஓட்டையை அடைத்து, துருவைச் சுரண்டி, மேலே பெயின்ட் பூசிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றாலும் கேட்காமல் கையில் திணித்தார்கள். எதற்குத் திணிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். "வாங்கிக்கிறேன் சேர். ஆனா யாரும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். தலையாட்டினார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் எல்லாரிடமிருந்தும் வந்தது. பெயின்ட் பழைய துரு நிறத்திலேயே இருக்க வேண்டுமாம். ஹட்டனில் கடைகடையாக ஏறி, பழுப்பும் செம்மண் நிறமும் கலந்து பூசினேன். துருவைவிடத் துரு போலவே இருந்தது.

அதைப் பார்த்து அவர்களே நண்பர்களுக்கும் மருமகன்மாருக்குமாகப் புதிய கார்கள் செய்யச் சொல்லத் தொடங்கினார்கள். சூட்கேஸ் திரும்பக் கட்டிலுக்கு அடியில் போனது. மச்சான் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். போன வருடம் கண் மங்கி நான் வெல்டிங்கை நிறுத்தும்வரை அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

காரெல்லாம் அடைத்துப் பூசிக் கொடுத்த பிறகு வந்த மூன்றாவது சீசனில், சங்கத்தின் விருந்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். அதே புல்தரை, நீள மேசையில் வரிசையாக என் கார்கள். ஒவ்வொருவரும் தன் காரைத் தடவிக்கொடுத்து, பெட்டினா எப்படிப் பழுத்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவரும் ரசித்துத் தலையாட்டினார். உண்மை எல்லாருக்கும் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்பது அடுத்தவருக்குத் தெரியாது என்று நினைத்து ஆளுக்கு ஆள் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் நேரே என்னிடம் வந்தார். "பாஸ், இந்த நிறம் எப்பிடிக் கொண்டு வாறீங்க?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேர் இருக்கிற இடத்தில், முதன்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார்.

"பெயின்ட் சேர்," என்றேன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஹட்டன் கடையில வாங்குறது. பழுப்பும் செம்மண் கலரும் கலந்து பூசுறேன்."

மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். தலைவர் சேர் வந்து என் தோளில் கை போட்டார்.

"பாஸ் லேசில சொல்ல மாட்டார்," என்றார் புதியவரிடம். "அது அவங்கட குடும்ப ரகசியம்."

புதியவர் என்னை மரியாதையோடு பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.